அறை நிறைய எந்திரம் இருந்தால் போதுமா?

ஸ்டீவி வொண்டர் 1972 மார்ச் முதல் 1976 செப்டம்பர் வரை வெளியிட்ட ஐந்து ஆல்பங்களும் உண்மையில் ஸ்டீவி வொண்டருடையவை அல்ல. சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் பக்கம் பக்கமாக எழுதி நிறுவ முயன்றிருப்பது இதைத்தான். ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’, ‘டாக்கிங் புக்’, ‘இன்னர்விஷன்ஸ்’, ‘ஃபுல்ஃபில்லிங்னெஸ் ஃபர்ஸ்ட் ஃபினாலே’, ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ ஆகிய ஐந்தையும் பெற்றெடுத்தது ஒரு ராட்சத சிந்தசைசராம். பிரசவம் பார்த்தவர்கள் இரண்டு வெள்ளைக்கார ஒலிப்பதிவாளர்களாம். பாட்டுக்காரர் பெயர் வைத்ததோடு சரியாம். அந்த இருவர் விலகியதும் சரக்கு தீர்ந்துபோனதே இதற்குச் சாட்சியாம். மோட்டவுன் நிறுவனத்தின் பணமும் விமர்சகர்களின் பழைய நினைவுகளும் சேர்ந்து இந்தத் தொடர் சாதனையைப் பிற்பாடு ஊதிப் பெருக்கின என்று ஒரு கொசுறு வேறு.

துணிச்சலான கட்டுரை என்று சிலர் பாராட்டினார்கள். துணிச்சல்தான். உறையின் பின்பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் ஓர் இசைத்தட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதற்கு நிறையவே துணிச்சல் வேண்டும்.

அவர் சொன்னதில் சரியாக உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம்தான், சீக்கிரம் முடிந்துவிடும். ராபர்ட் மார்கோலஃப், மால்கம் செசில் என்று இருவர் இருந்தார்கள். முன்னவர் நியூயார்க்கில் மூக் சிந்தசைசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். பின்னவர் பிரிட்டனிலிருந்து வந்த ஜாஸ் பாஸ் கலைஞர். பல சிந்தசைசர்களை ஒன்றோடொன்று இணைத்து ‘டான்டோ’ என்ற கருவியை இருவரும் வளர்த்துக்கொண்டே போனார்கள். அதை வைத்து 1971இல் ‘ஸீரோ டைம்’ என்ற ஆல்பமும் போட்டார்கள். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்கிய மீடியாசவுண்ட் ஸ்டுடியோவின் வாசலில், பிஸ்தா பச்சை உடுப்போடு, கக்கத்தில் ‘ஸீரோ டைம்’ தட்டை இடுக்கிக்கொண்டு ஓர் இளைஞர் வந்து நின்றதைச் செசில் பிற்காலத்தில் ரசித்துச் சொல்வார். வந்தவருக்கு 21 வயது நிறைந்து இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஐந்தில் நான்கு ஆல்பங்களில் இந்த இருவரும் உழைத்தார்கள். அசோசியேட் புரொட்யூசர் என்று அவர்கள் பெயர் உறையில் அச்சாகியிருக்கிறது. ‘இன்னர்விஷன்ஸ்’ ஒலிப்பதிவுக்கு 1974இல் கிராமி விருதும் வாங்கினார்கள். அதே ஆல்பத்தில் ‘விஷன்ஸ்’ பாட்டில் கேட்கும் மர பாஸ் செசில் வாசித்ததுதான். பணத்திலும் பெயரிலும் தங்களுக்கு உரியது வரவில்லை என்ற மனத்தாங்கலோடு இருவரும் பிரிந்தார்கள். அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன். கூலி குறைந்தது என்பது ஒரு வழக்கு. பாட்டே அவர்களுடையது என்பது வேறு வழக்கு. முதலாவதற்கான ஆதாரத்தை இரண்டாவதற்குத் தாக்கல் செய்கிறார் கட்டுரையாளர். அந்த வாசலில் நடந்ததையே அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யார் யாரைத் தேடிப் போனார்கள்? எந்திரம் புறப்பட்டுப் போய் ஸ்டீவியைக் கண்டுபிடிக்கவில்லை. அதிகம் பேர் வாங்காத ஓர் ஆல்பத்தைக் கேட்டு, இந்த ஓசையால் எனக்கு ஆகவேண்டிய வேலை இருக்கிறது என்று முடிவு செய்து, தட்டோடு வந்தவர் அவர்தான்.

இனி எந்திரம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் ஆர்கெஸ்ட்ராவே கொட்டும் என்ற தோரணையில் டான்டோவைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய கீபோர்டைக் கடையில் தட்டிப் பார்த்த ஞாபகத்தில் 1972ஐப் பற்றி எழுதினால் இப்படித்தான் ஆகும். அன்றைய மூக், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் எழுப்பும். மூன்று சுரம் சேர்ந்த ஒரு கார்டு வேண்டுமென்றால், அந்த வரியை மூன்று தடவை வெவ்வேறு சுரத்தில் வாசித்து, மூன்று ட்ராக்குகளில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். நினைவகம் கிடையாது. ஒயர்களைப் பிடுங்கிவிட்டால் நேற்று அமைந்த ஓசை போனது போனதுதான், குமிழ்களைத் திருகித் திருகித் திரும்பத் தேடவேண்டும். அறை கொஞ்சம் சூடானால் சுருதி நகர்ந்துவிடும். தானாக வாசிக்கும் கருவியா இது? வாசிக்கிறவனை இவ்வளவு வேலை வாங்கிய கருவி வேறொன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

‘பூகி ஆன் ரெக்கே வுமன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 1974. அதன் பாஸ் முழுக்கச் சிந்தசைசர். நல்ல ஹெட்ஃபோன் போட்டு அந்த பாஸை மட்டும் பின்தொடருங்கள். ஒரே சொற்றொடரை அது இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை. ஓர் இடத்தில் சுரத்தை எட்டும் முன்பே வழுக்குகிறது. இன்னோர் இடத்தில் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, பிடி நழுவிவிட்டதோ என்று நம்மைப் பதறவைத்து, கடைசி நொடியில் வந்து உட்கார்கிறது. நடுவில் காரணமே இல்லாமல் ஒரு குறும்பு, அப்புறம் மௌனம். அந்த பாஸின் நிறத்தைத் தந்தது டான்டோ, சந்தேகமில்லை. அதை அந்த அரைக்கால் நொடி தாமதப்படுத்தியது விரல்.

கட்டுரையாளர் நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டு, சுற்றி வளைத்து இன்னொன்றும் கேட்கிறார்: பார்வையில்லாத ஒருவர் அத்தனை குமிழ்களை எப்படி இயக்கியிருப்பார்? எல்லாவற்றையும் அவர் இயக்கவில்லை, ஐயா. அவர் கீபோர்டில் வாசிக்க, பக்கத்தில் நின்று மற்ற இருவரும் குமிழ் திருகினார்கள். இதை யாரும் மறைத்ததே இல்லை, அவர்களே வாய் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். ஆசாரி இல்லையென்றால் அந்த நாதம் இல்லை. அதற்காகத் தோடி நரசிங்கம்பேட்டையில் கடைந்தெடுக்கப்பட்டது என்று யாராவது எழுதினால் தஞ்சாவூர்ப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

இன்னொரு சோதனையும் இருக்கிறது. கட்டுரையாளரின் கொள்கைக்கு அது ஆகாது என்பதால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அதே எந்திரம், அதே இரண்டு ஒலிப்பதிவாளர்கள், ஆனால் ஸ்டீவி இல்லை என்றால் என்ன கிடைத்தது? ‘ஸீரோ டைம்’ கிடைத்தது. நல்ல ஆல்பம், ஓசைகளின் மாதிரிப் புத்தகம். 1974இல் அவர்களுடைய ‘இட்ஸ் அபவுட் டைம்’ வந்தது. பெயரைக் கேட்டு ஆமாம் என்று தலையாட்டுபவர் எத்தனை பேர்? ஐஸ்லி பிரதர்ஸின் ‘3+3’, 1973இல் இதே இருவரின் கைவண்ணத்தில் வந்தது, அருமையான ஆல்பம். ஆனால் அது அடிமுதல் நுனிவரை ஐஸ்லி பிரதர்ஸாகத்தான் ஒலிக்கிறது, எர்னி ஐஸ்லியின் கிடாரோடு. கருவி யார் கையில் போனதோ அவர்களுடைய குரலில் பேசியது. டான்டோ இன்று கனடாவின் கால்கரி நகரில் நேஷனல் மியூசிக் சென்டரில், பழுது நீக்கப்பட்டு, நல்ல நிலையில் நிற்கிறது. கட்டுரையாளர் ஒருநாள் போய் அதன் முன்னால் நின்று அடுத்த ‘இன்னர்விஷன்ஸ்’ எப்போது வரும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

டான்டோவுக்கு முன்னால் ஸ்டீவி யார் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது: மோட்டவுன் வளர்த்த குழந்தை நட்சத்திரம். குழந்தை நட்சத்திரம் உண்மை. 11 வயதில் ஒப்பந்தம், 13 வயதில் ‘ஃபிங்கர்டிப்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அதற்குப் பின்னாலும் சில ஆண்டுகள் இருக்கின்றனவே. ஸ்மோக்கி ராபின்சனின் பெயரோடு உலகம் முழுக்கச் சுற்றிய ‘தி டியர்ஸ் ஆஃப் எ கிளவுன்’ பாட்டின் இசை, ஸ்டீவியும் ஹாங்க் காஸ்பியும் அமைத்தது. அப்போது ஸ்டீவிக்கு இருபது வயது ஆகவில்லை. ஸ்பின்னர்ஸ் குழுவுக்கு ‘இட்ஸ் எ ஷேம்’ பாட்டை எழுதித் தயாரித்தது 1970. அதே ஆண்டு ‘சைன்ட், ஸீல்ட், டெலிவர்ட்’ பாட்டை அவரே தயாரித்தார். இதையெல்லாம்விட முக்கியம் கிளாவினெட். ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டில் கேட்கும் அந்த முறுக்கேறிய கீபோர்டு ஓசையையும் எந்திரக் கணக்கிலேயே எழுதிவிட்டார் கட்டுரையாளர். ஐயா, அது சிந்தசைசரே அல்ல. கம்பிகளை அடித்து ஒலிக்கும் ஹோனர் கிளாவினெட், மின்சாரக் கிடாரைப்போல ஒலியைப் பிடித்துப் பெருக்கும் கருவி. 1968இல் ‘ஷூ-பி-டூ-பி-டூ-டா-டே’ பாட்டிலேயே ஸ்டீவி அதை வாசித்துவிட்டார். டான்டோவின் நிழல்கூட அவர்மேல் விழாத காலம்.

‘சூப்பர்ஸ்டிஷன்’ என்று பெயரை எடுத்தாகிவிட்டது, அதை அப்படியே விட்டுப்போக மனமில்லை. தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிறது. வாசிப்பவர் ஸ்டீவி. ஹை-ஹாட்டை மட்டும் கவனியுங்கள். படித்த டிரம்மர் யாரும் அப்படி வாசிக்கமாட்டார். அடிகள் சமமாக விழுவதில்லை. சில இடங்களில் லேசாகத் திறந்து மூச்சு விடுகிறது, சில இடங்களில் ஓரடி கூடுதலாகச் செருகப்படுகிறது. அதன்மேல் கிளாவினெட் ஒன்றல்ல, பல. ஒரு ட்ராக் விட்ட இடைவெளியை அடுத்தது நிரப்ப, எது முதலில் வந்தது என்று பிரித்தறிய முடியாத பின்னல். கீழே மூக் பாஸ். அதையும் வாசித்தவர் ஸ்டீவி. வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர், ட்ரம்பெட்டுக்கு ஸ்டீவ் மடாயோ, சாக்ஸஃபோனுக்கு ட்ரெவர் லாரன்ஸ். இந்தப் பாட்டு 1973 ஜனவரியில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது. தாளமும் அவர், பாஸும் அவர், கிளாவினெட்டும் அவர், குரலும் அவர். மிச்சத்தை எந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம்.

மறைக்கப்பட்ட கூட்டாளிகளுக்காகக் குரல் கொடுப்பதாகக் கட்டுரையாளர் மார்தட்டிக்கொள்கிறார். என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். ‘டாக்கிங் புக்’கில் ‘பிளேம் இட் ஆன் தி சன்’, ‘லுக்கிங் ஃபார் அனதர் ப்யூர் லவ்’ ஆகிய பாடல்களின் வரிகளை எழுதியவர் சிரீட்டா ரைட். ஸ்டீவியின் மனைவியாக இருந்தவர், அந்த ஆண்டிலேயே மணமுறிவு. பிரிந்துகொண்டிருக்கும் ஒரு தம்பதி உட்கார்ந்து, உறவு முறிந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று ஒரு பாட்டை அமைத்திருக்கிறார்கள். ஒருவர் வார்த்தை, ஒருவர் மெட்டு. ‘ஐ பிலீவ்’, ‘யூ’வ் காட் இட் பேட் கேர்ல்’ இரண்டிலும் வரிகளுக்குப் பின்னால் இருப்பவர் இவான் ரைட். ‘ஃபர்ஸ்ட் ஃபினாலே’யில் சாவு வீட்டின் அமைதியோடு நகரும் ‘தே வோன்ட் கோ வென் ஐ கோ’விலும் அவர் பங்கு உண்டு. எல்லாப் பெயரும் அச்சில் இருக்கிறது, தோண்டி எடுக்கவேண்டிய ரகசியம் எதுவுமில்லை. குமிழ் திருகிய இரண்டு ஆண்களுக்காகப் பக்கங்கள் செலவழித்தவர், வார்த்தை எழுதிய இரண்டு கறுப்பினப் பெண்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. ஸ்டீவியின் தனிப் பெருமையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இதைவிட வலுவான ஆதாரம் அவருக்குக் கிடைத்திருக்காது. அதைக்கூடப் பயன்படுத்தத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது பாட்டை அல்ல, எந்திரத்தின் விளம்பரத்தை.

காலக்கணக்கிலும் கட்டுரை தடுமாறுகிறது. 1973 ஆகஸ்ட் 6 அன்று, வட கரோலினாவில் சாலிஸ்பரிக்கு அருகே, மரக்கட்டை ஏற்றிய லாரியோடு கார் மோதி ஸ்டீவி கோமாவில் விழுந்தார். அந்த விபத்தில் சாவைத் தொட்டுத் திரும்பிய அனுபவத்தில் பிறந்ததுதான் ‘ஹையர் கிரவுண்ட்’ என்றும், சொந்தச் சரக்கு இல்லாதவருக்கு விதியே ஒரு பாட்டைக் கொடுத்தது என்றும் கட்டுரையாளர் நையாண்டி செய்கிறார். ‘ஹையர் கிரவுண்ட்’ இடம்பெற்ற ‘இன்னர்விஷன்ஸ்’ கடைக்கு வந்தது ஆகஸ்ட் 3. பாட்டைப் பதிவு செய்தது மே மாதம். விபத்துக்கு மூன்று நாள் முன்பே விற்பனைக்கு வந்த தட்டில் விபத்தின் அனுபவம் எப்படி ஏறியது என்பதை அவர்தான் விளக்கவேண்டும். நடந்தது நேர் எதிர். மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தவரின் காதருகே அவருடைய சுற்றுப்பயண நிர்வாகி ஐரா டக்கர் அந்தப் பாட்டைப் பாட, ஸ்டீவியின் விரல்கள் தாளத்துக்கு அசையத் தொடங்கின என்பது டக்கர் சொன்ன செய்தி. எங்கோ அரைகுறையாகக் காதில் விழுந்ததைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தத்துவம் பேசியிருக்கிறார்.

மோட்டவுனின் பணம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். டெட்ராய்ட்டில் பெர்ரி கார்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் எப்படி இயங்கியது என்று தெரிந்தவர் யாரும் இதை எழுதமாட்டார். கார்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டையும் அதே முறையில் செய்தார். எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, தரம் பார்க்க வாராவாரம் ஒரு கூட்டம், பாடகர் கடைசியில் வந்து பாடிவிட்டுப் போகவேண்டியது. ஆல்பம் என்பது இரண்டு வெற்றிப் பாடல்களுக்கு நடுவே இட்டு நிரப்பிய சரக்கு. மார்வின் கே ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டோடு வந்தபோதே கார்டிக்குப் பிடிக்கவில்லை. ஸ்டீவிக்கு 1971 மே 13இல் 21 நிறைந்தது, சிறுவயது ஒப்பந்தம் காலாவதியானது. அதுவரை அவர் பெயரில் சேர்த்து வைத்திருந்த தொகை கைக்கு வந்தது. பத்து லட்சம் டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் ஈட்டிக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அந்தப் பணத்திலிருந்து எடுத்துத்தான் நியூயார்க்கில் ஸ்டுடியோ வாடகை கட்டினார். எந்த நிறுவனத்தின் ஒப்பந்தமும் கையில் இல்லாமல், எலெக்ட்ரிக் லேடியிலும் மீடியாசவுண்டிலும் இரவு பகல் பாராமல் பதிவு செய்தார். கையில் பாட்டுகள் குவிந்த பிறகுதான் மோட்டவுனோடு பேச உட்கார்ந்தார். பதிப்புரிமையைத் தன் சொந்த நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார், ஆல்பத்தில் என்ன இருக்கவேண்டும் என்ற முடிவையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். மோட்டவுன் ஸ்டீவியை வாங்கவில்லை, ஸ்டீவி தன்னை மோட்டவுனிடமிருந்து மீட்டுக்கொண்டார். அந்தப் பேச்சுவார்த்தையில் அவருக்காக வாதாடிய வக்கீல் ஜோஹானன் விகோடா. ‘லிவிங் ஃபார் தி சிட்டி’ பாட்டின் நடுவே, மிசிசிப்பியிலிருந்து நியூயார்க் வந்து இறங்கிய கறுப்பின இளைஞனுக்குப் பத்தாண்டு தண்டனை விதிக்கும் நீதிபதியின் குரல் கேட்கிறதல்லவா, அதுவும் விகோடாதான். இளைஞனாகப் பேசியவர் ஸ்டீவியின் அண்ணன் கால்வின். ஸ்டுடியோவில் யார் கைக்கு எட்டினாலும் அவர்களைப் பாட்டுக்குள் இழுத்துப்போட்ட மனிதரைப் பார்த்து, எந்திரம் சொன்னபடி ஆடினார் என்கிறார் நம் நண்பர்.

அந்த ஐந்தின் தொடர்ச்சிக்கு நான் காணும் காரணம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. பத்தாண்டு காலம் அடுத்தவர் அட்டவணைக்குப் பாடியவருக்குத் தன் வேலை நேரம் திடீரென்று தன்னுடையதாகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு மெட்டு தோன்றினால் இரண்டரைக்குப் பதிவு. ‘ஹையர் கிரவுண்ட்’ முழுவதையும் மூன்று மணி நேரத்தில் எழுதிப் பதிந்து முடித்ததாக அவரே சொன்னதுண்டு. அந்த ஆண்டுகளில் தனக்கு எடுத்துக்கொண்டதுபோக மிச்சத்தை வாரிக் கொடுத்தார். ரூஃபஸ் குழுவுக்கு ‘டெல் மீ சம்திங் குட்’, சிரீட்டாவுக்கு இரண்டு முழு ஆல்பங்கள், மின்னி ரிப்பர்ட்டனின் ‘பெர்ஃபெக்ட் ஏஞ்சல்’ ஆல்பத்தில் தயாரிப்பு. டான்டோவும் அதன் இரண்டு ஆசாரிகளும் அந்தச் சுதந்திரத்தில் அவர் தேர்ந்துகொண்டவை.

விமர்சகர்களின் பழைய நினைவுகள் என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. 1974, 1975, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி இவருக்குத்தான். இடையில் 1976இல் அந்த விருதை வாங்கிய பால் சைமன், இந்த ஆண்டு ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி என்று மேடையிலேயே சொல்லிச் சிரிக்கவைத்தார். பிற்காலத்தில் ஊதிப் பெருக்கிய புகழாக இருந்தால் அன்றைக்கு அந்த அரங்கம் எதற்காகச் சிரித்தது?

ஐந்துமே ஒரே உயரம் என்று நான் சொல்லவரவில்லை. ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’ தேடிக்கொண்டிருக்கும் ஆல்பம். ‘சூப்பர்வுமன்’ எட்டு நிமிடப் பாட்டு அற்புதம், ஆனால் சில பாடல்களில் புதுக் கருவி கிடைத்த உற்சாகம் இசையை முந்திக்கொண்டு ஓடுகிறது. கவனியுங்கள், ஐந்தில் எந்திரத்தின் ஆதிக்கம் கூடுதலாகத் தெரிவது இதில்தான், சறுக்கல்களும் இதில்தான். ‘டாக்கிங் புக்’கின் ‘மேபி யுவர் பேபி’யை இரண்டு நிமிடம் முன்பே நிறுத்தியிருக்கலாம். என் கட்சி ‘ஃபர்ஸ்ட் ஃபினாலே’. முன்னும் பின்னும் பெரிய ஆல்பங்கள் நிற்பதால் அடக்கமான அந்தத் தட்டு பலர் கண்ணில் படுவதில்லை. அதில் ‘யூ ஹாவன்ட் டன் நத்திங்’ என்று நிக்சனை நேருக்கு நேர் விளாசும் பாட்டும் உண்டு, பின்னணியில் ஜாக்சன் 5. 1974 ஆகஸ்ட் தொடக்கத்தில் தனித்தட்டாக வந்தது, அதே வாரம் நிக்சன் பதவி விலகினார். தற்செயல்தான், ஆனால் இவ்வளவு அழகான தற்செயல் எழுதிக் கேட்டாலும் கிடைக்காது.

இப்போது கட்டுரையாளரின் பெரிய சாட்சிக்கு வருகிறேன்: மார்கோலஃபும் செசிலும் போனதும் எல்லாம் முடிந்தது. அவர்கள் போனது 1974இல். ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ வந்தது 1976 செப்டம்பரில். அவர்கள் இருவரும் அதில் இல்லை, ஒலிப்பதிவு ஜான் ஃபிஷ்பாக்கும் கேரி ஒலாசபாலும். இரட்டைத் தட்டு, போதாதென்று கூடவே நான்கு பாடல்களோடு ஒரு குட்டித் தட்டு, மொத்தம் 21 பாடல்கள். வந்த வாரமே பில்போர்டு பட்டியலின் முதலிடத்தில் நுழைந்தது. எல்டன் ஜானுக்கு அடுத்து அப்படி நுழைந்தவர் இவர்தான். ஓசையும் வேறு. ‘ஐ விஷ்’ பாட்டில் பாஸ் வாசிப்பவர் நேதன் வாட்ஸ், கையால், நிஜக் கம்பியில். டியூக் எலிங்டனுக்கு வணக்கம் சொல்லும் ‘சர் டியூக்’கில் ஊதுகருவிகள் எல்லாம் ஒரே குரலில் ஒரு நீண்ட வரியைப் பாடிக்கொண்டே மாடிப்படி இறங்குகின்றன. ‘ஆஸ்’ பாட்டில் கீபோர்டுக்கு ஹெர்பி ஹான்காக். ‘பாஸ்டைம் பாரடைஸ்’ பாட்டின் கடைசியில் ஹரே கிருஷ்ணா பக்தர்களின் கோஷமும் தேவாலயப் பாடகர் குழுவும் ஒன்றாகச் சேர்கின்றன. ஆக, ஐந்தில் மிகப் பெரியது, பெரும்பாலோர் மிகச் சிறந்தது என்று சொல்வது, கட்டுரையாளர் கதையின்படி பிறந்திருக்கவே கூடாதது. இந்த முழுப் பூசணிக்காயை அவர் எந்தச் சோற்றில் மறைத்தார் என்று தேடினேன். நான்கு ஆல்பங்களின் தொடர்ச்சியே அது என்று பாதி வாக்கியத்தில் தாண்டிப் போயிருக்கிறார்.

பிறகு ஏன் நின்றது என்பது நல்ல கேள்வி. 1975இல் மோட்டவுன் அதுவரை இசைத்துறை கேள்விப்படாத தொகைக்குப் புதிய ஒப்பந்தம் போட்டது. நேரம் தன்னுடையது என்றானதில் பிறந்த வேகம், நேரத்துக்கு எல்லையே இல்லை என்றானதும் தளர்ந்தது. ‘சாங்ஸ்’ ஆல்பமே தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஏறக்குறைய முடித்துவிட்டோம் என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. அடுத்ததற்கு மூன்றாண்டு. 1980இன் ‘ஹாட்டர் தன் ஜூலை’ நல்ல ஆல்பம், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கக் கேட்கும் ‘ஹேப்பி பர்த்டே’ அதில்தான் வருகிறது. ஆனால் ஆண்டுக்கொன்று என்ற அந்தப் பாய்ச்சல் திரும்ப வரவில்லை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எந்திரம் போனதால்தான் கை வறண்டது என்று சொல்பவர், 1979இல் வந்த ‘ஜர்னி த்ரூ தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்’ ஆல்பத்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? டிஜிட்டல் முறையில் பதிவான முதல் சில பாப் ஆல்பங்களில் அது ஒன்று. ஓசைகளைப் பிடித்து வைத்துக் கீபோர்டில் வாசிக்கும் சாம்ப்ளர் அதில் இருந்தது, யமஹாவின் ஜிஎக்ஸ்-1 இருந்தது. டான்டோ கனவில்கூடக் காணாத வசதியெல்லாம் அந்த ஸ்டுடியோவில் வந்து இறங்கியிருந்தது. எந்திரம்தான் ஆல்பத்தைப் பெற்றுத் தரும் என்றால், ஸ்டீவி வொண்டரின் தலைசிறந்த படைப்பு அதுவாக அல்லவா இருக்கவேண்டும்? சில அழகான இடங்கள் கொண்ட, கேட்டு முடிக்கப் பொறுமை வேண்டிய இரட்டைத் தட்டு அது. கட்டுரையாளர் அதை நான்கு பக்கமும் விடாமல் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து தன் எந்திரக் கொள்கையைத் தொடரட்டும்.